கவிதை அல்லாத முப்பத்திரண்டு வரிகள்

அமெரிக்கக் கவிதை என்ற தாளில் சாந்தாமணி இரண்டு முறை தோற்றிருந்தாள். அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம். மற்ற தாள்களெல்லாம் தேறியாகிவிட்டது, இது ஒன்றுதான் காலை வாரிக்கொண்டிருந்தது. தேவாலா பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் ஆபீஸ் கிளார்க்குக்கு அமெரிக்கக் கவிஞர்கள் என்ன கெடுதல் செய்தார்கள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அவளும் அவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை. ஆனாலும் தேறினால் குன்னூரில் ஒரு பள்ளிக்கூட வேலை காத்திருந்தது. தேறாவிட்டால் சாகும்வரை கொழுந்து எடைச் சீட்டுதான். 1983 ஜூன் நான்காம் தேதி, ஊட்டியில், மூன்றாவது முறை. பழைய பாடத்திட்டத்துக்கு அதுவே கடைசித் தேர்வு.

கவிஞர்களை அவரவர் கைவேலையை வைத்து அவள் பிரித்து வைத்திருந்தாள். வீட்டைவிட்டு வெளியே வராத ஓர் அம்மா, நாலு வரிக்குள் பத்து இடத்தில் கோடு போட்டு நிறுத்துவார். ஒருவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஆளைப் பயமுறுத்துவார். தாடிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் அடுக்குவார். வரிக்கு வரி ஒரே தொடக்கம். எதுகை கிடையாது, அளவும் கிடையாது. வெறும் பட்டியல் எப்படிக் கவிதையாகும் என்று இரண்டு முறையும் கேள்வி வந்தது. இரண்டு முறையும் அவள் நான்கு பக்கம் எழுதினாள், அதில் பதில் மட்டும் இல்லை.

மழைக்கு முன்னால், மே மாதத்தில், கிளார்க் லயத்தைச் சுற்றி வரவேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், மொத்தம் முப்பத்திரண்டு. கம்ப்ளெயின்ட் புக்கில் வீட்டு நம்பரைப் போட்டு, எதிரே 'ஒழுகல்' என்று இங்கிலீஷில் எழுதினால் வேலை முடிந்தது. கார்பன் நகல் கோயமுத்தூர் ஹெட் ஆபீசுக்குப் போகும். 'பார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தித் திரும்பி வரும். ஆறு வருஷமாக அதே ஒழுகல், அதே முத்திரை.

அந்த மே மாதம் பதினாலாம் நம்பரில் வீரம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கிளார்க்கம்மா, எம்மக பேச்சி பிரசவத்துக்கு வாரா. ஜூன்ல புள்ள பொறந்துரும். தொட்டில எங்க கட்டுறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சாந்தாமணி அண்ணாந்து பார்த்தாள். தகரத்தில் ஆறு ஓட்டை. தரையில் ஆறு பாத்திரம் வைத்த தடம். தொட்டில் கட்ட ஓர் இடமும் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அந்த வீட்டுக்கு ஆறு வருஷமாக ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போனவள் அவள்தான்.

அன்று அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. லயத்தைச் சுற்றி முடித்து, ஆபீசில் உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினாள். இங்கே ஒழுகுகிறது, ஒன்றாம் நம்பரில், இசக்கியம்மாவின் அரிசிப் பானைமேல். இங்கே ஒழுகுகிறது, இரண்டில், முனியசாமியின் செத்துப்போன அப்பா போட்டோமேல். இங்கே ஒழுகுகிறது, பதினாலில், இன்னும் கட்டாத தொட்டில்மேல். இப்படியே முப்பத்திரண்டு வரி, நல்ல இங்கிலீஷில். பரீட்சைக்குப் பழகுகிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். யார் படிக்கப்போகிறார்கள்?

படித்துத் தொலைத்துவிட்டார்கள். ஹெட் ஆபீசுக்குப் புதிதாக வந்த டைரக்டர், முப்பத்திரண்டு பெயர்களை வரிசையாகப் பார்த்ததும் வேலைநிறுத்த நோட்டீஸ் என்றே நினைத்துவிட்டார். எஸ்டேட்டில் பெயர்கள் வரிசையாக வந்தால் வேறு அர்த்தம் கிடையாது. நிஜமான புகார் என்றால் இன்ஜினியரும் தகரமும் உடனே வரும். வேறு ஏதாவது என்றால் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று தந்தி அடித்தார்.

மேனேஜர் மயில்சாமிக்கு இன்ஜினியர் வருவது பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் லயத்துக்கென்று வந்த தகரம் அவருடைய கார் ஷெட்மேல் இருந்தது. சாந்தாமணியைக் கூப்பிட்டார். மேஜையில் பரீட்சைக்காக அவள் கொடுத்த லீவ் லெட்டர், பக்கத்தில் அவள் ஆபீஸ் டிராயரில் வைத்திருந்த பரீட்சை நோட்ஸ். மனிதர் ராத்திரியெல்லாம் படித்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இது கவிதைதானுங்களே?"

"இல்லீங்க சார். புகாருங்க."

"வரிக்கு வரி ஒரே மாதிரி ஆரம்பிக்குது. உங்க நோட்ஸ்ல இதுக்குத் தனியா பேரே போட்டிருக்குது."

"ஊட்டுக்கு ஊடு ஒரே மாதிரி ஒழுகுதுங்க சார்."

"கட்டாத தொட்டில்மேல எப்படீங்க ஒழுகும்? இது கற்பனை."

"தொட்டில் ஜூன்லதானுங்க கட்டுவாங்க. ஓட்டை இப்பவே இருக்குதுங்க."

"சரி, எதுகை இல்லைன்னு சொல்லுவீங்க. உங்க தாடிக்காரருக்குந்தான் இல்லை." பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். "சின்னச் சின்னதா அடுக்கிட்டே போனா, கடைசில மொத்த ஊரும் கண்ணு முன்னால வந்து நிக்குமாம். நிக்குதே! நானே மூணு தரம் படிச்சேன். நெசமாலுமே நல்லா இருக்குதுங்க."

தாடிக்காரரை இத்தனை தெளிவாக எந்தப் பேராசிரியரும் அவளுக்கு விளக்கியதில்லை. நீ எழுதியது நல்லா இருக்கிறது என்றும் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்ன ஆள் இவராகப் போய்விட்டாரே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"பரீட்சைக்குப் பழகின கவிதைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. இப்பவே லீவ்ல கையெழுத்துப் போடறேன். புகார்ன்னு எழுதினா, ஜூன் மூணுல இருந்து ஆறு வரைக்கும் இன்ஜினியரோட லயத்துல நிக்கோணும். அப்புறம் உங்க இஷ்டம்."

சாந்தாமணி பேனாவை வாங்கினாள். 'மேற்படி முப்பத்திரண்டு வரிகளும் கவிதை அல்ல. நேரில் வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அவள் வாழ்நாளில் எழுதிய கவிதை அந்த முப்பத்திரண்டு வரி ஒன்றுதான்.

ஜூன் நான்காம் தேதி பத்து மணிக்கு ஊட்டியில் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் லயத்துக் கூரைக்குக் கீழே அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஜினியர் முப்பத்திரண்டு வீட்டையும் அவள் வரிகளை வைத்தே பார்த்து முடித்தார். ஒன்றும் பிசகவில்லை. பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன் லயத்துக்கென்று கணக்கில் வந்த தகரம் எங்கே என்று கேட்டார். கார் ஷெட் மறுநாளே மொட்டையானது. அதிலிருந்து இறங்கிய முதல் தகரம் பதினாலாம் நம்பருக்குப் போனது. மேனேஜர் துரையின் கார் அந்த மழைக்காலம் முழுக்க நனைந்தது.

ஜூலையில் வீரம்மா அவளை வீட்டுக்குக் கூப்பிட்டாள். வெளியே மழை பொத்துக்கொண்டு ஊற்றியது. உள்ளே நடு வீட்டில் தொட்டில், அதில் பேச்சியின் பெண் குழந்தை.

"என்னமோ எழுதினீங்களாமே, தொரையே பயந்துட்டாராமே. அத வாசிச்சுக் காட்டுங்க."

சாந்தாமணி நகலை எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னாள். வீரம்மா முகவாயில் கை வைத்து முழுவதையும் கேட்டாள்.

"முப்பதாம் நம்பர் தபித்தாளோட கோழிக்கூட்டு மேலயும் ஒழுகுச்சு. அத விட்டுட்டீங்களே."

"விட்டுப்போச்சுங்க."

"அதையும் சேத்துக்கிட்டு, மொதல்ல இருந்து இன்னொருக்கா வாசிங்க."

சாந்தாமணி கோழிக்கூட்டைச் சேர்த்துக்கொண்டாள். ஒன்றாம் நம்பரிலிருந்து மறுபடி தொடங்கினாள்.