முதலாளி கொடுத்த கான்டெஸா

"இன்னொரு தபா தள்ளுங்க," என்றாள் ஆரோக்கியசெல்வி.

நான்கு பேர் கான்டெஸாவின் பின்பக்கத்தில் தோள் கொடுத்தார்கள். கார் விரலளவு முன்னால் சாய்ந்து, பழையபடி பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பந்தல்காரர் இரும்புப் பைப்புகளைத் தெருவில் இறக்கிப் போட்டுவிட்டு பீடி பற்றவைத்தார். ஐஸ் பெட்டி வேனிலேயே கிடந்தது. வீட்டு முன்னறையில் அது நுழையாது. கார் ஷெட்டில்தான் வைக்க வேண்டும். அப்பா வீடு கட்டும்போது ஷெட்டுக்கு அளவெடுத்துவிட்டு, மிச்சமிருந்த இடத்தில்தான் மனுஷர்களுக்கு அறை போட்டிருந்தார்.

அப்பா சவுரிராயன் அன்று விடியற்காலையில் விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலை வாங்கிக்கொண்டு வர அவள் கணவன் அறிவுச்செல்வன் அங்கேயே நின்றுவிட, செல்வி மட்டும் கிடைத்த பஸ்ஸில் ஏறித் திண்டிவனம் வந்தாள். வீட்டைத் திறந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அழலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தாள். வந்ததிலிருந்து காரோடு மல்லுக்கட்டுத்தான். போன் வேறு ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: எப்ப எடுக்கறீங்க?

"அண்ணன் இன்னும் வூடு வந்து சேரல. அதுக்குள்ள அவரு வண்டிய வெளிய தள்றீங்களே," என்றாள் அம்மணி அத்தை.

"அப்ப பெட்டிய எங்க வெக்கறது அத்தை? மாடியிலயா?"

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா இந்த ஊர் அரிசி மில் முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். அந்தக் காலத்தில் சென்னை ரோட்டில் இந்தக் காரை எதுவும் முந்தியதில்லை என்பார். முதலாளி வேறு கார் வாங்கியபோது இதை அப்பாவுக்கே கொடுத்தார். "எனக்குன்னு புதுசா பெயிண்ட் அடிச்சுக் குடுத்தாரு" என்பதை அப்பா சொல்லாத ஆள் இல்லை. செல்வி பள்ளிக்கூடம் போகும் வயதில் அதில் வேளாங்கண்ணி போய் வந்தார்கள். மறுவருஷம் ஏதோ தகர வேலைக்கென்று புதுச்சேரிப் பட்டறைக்கு ஓட்டிப் போனார். திரும்பி வந்து ஷெட்டில் விட்டவர்தான், அப்புறம் யாரையும் அதில் ஏற்றவில்லை. தினமும் துடைப்பார். அவ்வளவுதான். செல்வியின் கல்யாணத்துக்குக்கூட வாடகைக் கார். கேட்டதற்கு, பெட்ரோல் கட்டுப்படியாகாது என்றார். சொந்தக் கார் ஷெட்டில் நிற்க, மணப்பெண்ணுக்கு வாடகை வண்டி. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவளுக்கு முகம் எரிந்துபோயிற்று. அதை அவள் மறக்கவேயில்லை.

கேட்டருகே ஒருவர் தயங்கி நின்றார். ஐம்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் டார்ச்.

"சவுரிராயன் சார் வீடுதானே? நான் ஆனந்தராஜ். பாண்டியில டைல்ஸ் கடை வச்சிருக்கேன், பழைய காருங்களும் வாங்கிச் சேக்கறேன். கார் பாக்க இன்னிக்கு வரச் சொல்லியிருந்தாரு."

"அவரு இல்ல."

"எப்ப வருவாரு?"

"ஆம்புலன்ஸ்ல வந்துகினு இருக்காரு."

அவர் பைப்புகளையும் அடுக்கிய நாற்காலிகளையும் இப்போதுதான் பார்த்தார். டார்ச்சைப் பைக்குள் போட்டார்.

"மன்னிச்சுக்கங்க மேடம்."

"கார விக்கறேன்னு சொன்னாரா?"

"அத ஏன் கேக்கறீங்க. இது மூணாவது தடவ வர்றேன்." கோபம் முகத்தில் வந்து, இடம் தெரிந்து அடங்கியது. "ஒவ்வொரு தடவையும் பானட்ட தொறந்து என்ஜின் நம்பரு, கண்ணாடியில இருக்கற கம்பெனி முத்திர, டேஷ்போர்டு, ஒண்ணு வுடாம காட்டுவாரு. இந்த வண்டிங்கள்ல பாதிக்கு மேல டீசல் என்ஜினுக்கு மாத்திட்டாங்க. இது கம்பெனியில போட்ட பெட்ரோல் என்ஜின். பூரா ஒரிஜினல்னு நானே சொன்னேன். அடியில படுத்துப் பாக்கறேன்னு சொன்னா மட்டும், சட்ட அழுக்காவும், சாப்புட வாங்கன்னு உள்ள கூட்டினு பூடுவாரு. அதுக்கப்புறம் வெல பேச்சே எடுக்க மாட்டாரு."

"எங்களயும் அப்டிதான் பண்ணுவாரு," என்றாள் செல்வி. "எதக் கேட்டாலும் சோறு போட்டுருவாரு."

ஆனந்தராஜ் பின்சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். "பிரேக் புடிச்சுக்கினு இருக்கு. எத்தினி பேர் தள்ளினாலும் வராது. ஜாக்கியும் சுத்தியலும் குடுங்க."

கோணிப்பை விரித்து அடியில் படுத்தார். சுத்தியல் சத்தம் கேட்டது. பந்தல்காரர், வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று இரண்டாம் முறையாக ஞாபகப்படுத்தினார். பூக்காரர் போன் செய்து வழி கேட்டார். சுத்தியல் சத்தம் நின்றிருப்பதைச் செல்வி அப்போதுதான் கவனித்தாள். குனிந்து பார்த்தாள். டார்ச் வெளிச்சம் சக்கரத்தை விட்டு நகர்ந்து, காரின் நடுவயிற்றில் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது.

"சார், பிரேக்க பாக்கறீங்களா, வெல போடறீங்களா?"

அவர் வெளியே வந்தார். நகத்தில் கறுப்பாகத் தார் ஒட்டியிருந்தது.

"மேடம், கொஞ்சம் இப்டி வாங்க." மதிலோரம் போனதும் குரலைத் தாழ்த்தினார். "இது ரெண்டு வண்டி."

"என்னா?"

"முன்பாதி ஒரு கான்டெஸா. பின்பாதி வேற ஒண்ணு. எப்பவோ பெருசா அடிபட்டிருக்கு. வெட்டி ஒட்டி, வெளிய தெரியாம பெயிண்ட் அடிச்சிருக்காங்க. ரொம்பப் பழைய வேல."

"எங்கப்பா வாங்கறதுக்கு முன்னாடியா?"

"அவரு கைக்கு வந்தப்புறம் அடிபட்டுச்சா?"

"இல்ல. ஒரு கீறல்கூட வுழுந்ததில்ல."

"அப்ப முன்னாடிதான்."

செல்வி காரைப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் மங்காத பெயிண்ட்.

"அவருக்குத் தெரியுமா?"

"ஒட்டின எடத்துல தார் பூசியிருக்கு. மேல இருக்கறது புதுசு. அதுக்குக் கீழ பழசு, அதுக்கும் கீழ பழசு. வருஷா வருஷம் பூசியிருக்காரு."

"இத ஓட்டலாமா?"

"ஓடும். ஹைவேஸ்ல எங்கனா மோதிச்சுன்னா ரெண்டாப் பிரிஞ்சுரும். தெரிஞ்சவன் எவனும் புள்ளகுட்டிய ஏத்த மாட்டான் மேடம்."

அந்த வாடகைக் காரில் ஜன்னல் கண்ணாடி இறங்கவில்லை. கல்யாணப் புடவைக்குள் வியர்த்து ஊற்றியது. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, கோயில் வாசல் வரும்வரை டிரைவரிடம், "மெதுவா போப்பா, மெதுவா போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கும் அவள் எரிச்சல்பட்டிருந்தாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னா?" என்றாள் செல்வி, காரைப் பார்த்து. "சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?"

"இல்ல மேடம், இப்பதான் நானே பாத்தேன்," என்றார் ஆனந்தராஜ்.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். உள்ளிருந்து அத்தை, மெழுகுவர்த்தி ஸ்டாண்டு எங்கே என்று கத்தினாள்.

"நான் இத எடுக்க முடியாதுங்க," என்றார் ஆனந்தராஜ்.

"நான் விக்கறேன்னு சொல்லவே இல்லியே. பிரேக்க கழட்டி வுடுங்க, போதும்."

அவர் மறுபடியும் அடியில் படுத்தார். இந்த முறை கார் நகர்ந்தது. தெருவுக்குத் தள்ளி மதிலோரம் நிறுத்தினார்கள். ஷெட்டில் அது நின்ற இடத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பெட்டியை வைப்பதற்கும் ஆம்புலன்ஸ் தெருமுனையில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அறிவுச்செல்வன் இறங்கியதும், "ஏன் காரு வெளிய நிக்குது?" என்றுதான் கேட்டான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிக் கிடத்தினார்கள். ஜனம் வந்தது. மத்தியானம் தாண்டவராயன் வந்தார், செத்துப்போன முதலாளியின் மகன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. டிரைவர் சுமந்து வந்த ரோஜா மாலையை வாங்கிப் பெட்டிமேல் சாத்தினார். டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தெருவில் நின்ற காரைச் சுற்றி வந்தார்.

"பெயிண்ட் பாத்தியா செல்வி? எங்கப்பா அடிச்சுக் குடுத்தது. இன்னும் அப்டியே இருக்கு."

"ஆமாங்க."

"உங்கப்பா மேல அவருக்கு அவ்ளோ பிரியம். இல்லன்னா இந்த மாதிரி வண்டிய யாரு குடுப்பா? இப்பல்லாம் ஒரிஜினல் எங்க கெடைக்குது. விக்கறதா இருந்தா எனக்குத்தான் குடுக்கணும். எங்க வீட்டு வண்டி."

ஆனந்தராஜ் இன்னும் போகாமல் நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அவர் செல்வியையே பார்த்தார். செல்வியின் வாய்க்குள் எல்லாம் வந்து நின்றது. அப்பா இந்தத் தாண்டவராயனைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். எல்லாம் தெரிந்துகொண்டே நின்றிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

"விக்கலீங்க," என்றாள்.

ஃபாதர் ஜெபம் முடித்தார். அமரர் ஊர்தி தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. கார் நிற்பதால் உள்ளே வர முடியாது என்று டிரைவர் கையை ஆட்டினார். ஆனந்தராஜ் எழுந்து காரின் பின்னால் போனார். அறிவுச்செல்வனும் இன்னொருவரும் போனார்கள். மற்ற ஆண்கள் சவப்பெட்டியைத் தூக்க உள்ளே இருந்தார்கள்.

"ஆள் பத்தாது," என்றார் ஆனந்தராஜ்.

செல்வி திரும்பினாள். "நீங்களும் ஒரு கை குடுங்க."

தாண்டவராயன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

செல்வி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. சீட் அப்பாவின் நீண்ட கால்களுக்கேற்பப் பின்னால் தள்ளியிருந்தது. அவள் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீட் நுனிக்கு நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"தள்ளுங்க."

கார் உருண்டது. கண்ணாடியில் குனிந்த தலைகள் தெரிந்தன. நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை, முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. அமரர் ஊர்தி தாராளமாக உள்ளே நுழைந்து வாசலில் போய் நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் செல்வி.