நடுத்தகட்டில் ஒரு கை

2016 ஒக்டோபர் 13, வியாழக்கிழமை, முற்பகல் ஒன்பது நாற்பது. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. அம்பிட்டியவில், திறப்புவிழாவுக்குக் காத்திருந்த ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில், பித்தளைச் சுவரின் முன்னே மூவர் நின்றனர்: முதலாளி மஹ்மூத், உள்ளலங்காரத்தை வடிவமைத்த றம்ஸியா, தகடுகளை மெருகேற்றிப் பதித்த காளிமுத்து.

சுவர் அழகாகத்தான் இருந்தது. கூடத்து விளக்குகளின் ஒளியை வாங்கி, தேன் நிறத்தில் திருப்பிக் கொடுத்தது. ஆனால் நடுத்தகட்டில், நெஞ்சுயரத்தில், பழுப்பாக ஒரு கை படிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவு. மெருகேற்றிய பித்தளையை வெறுங்கையால் தொட்டுவிட்டு அதன்மேல் லாக்கர் என்னும் காப்புப்பூச்சைப் பூசினால், வியர்வையின் உப்பு உள்ளேயே இருந்து தகட்டைத் தின்னும். சில வாரங்களில் கறை எழும்பும். பிறகு துடைத்துப் பயனில்லை, பூச்சு முழுவதையும் உரித்தாக வேண்டும்.

"காசு குடுத்துக் கறை வாங்கின மாதிரி இரிக்கி," என்றார் மஹ்மூத். வயதில் இளைய றம்ஸியாவை அவர் மகள் என்றே அழைப்பார். "சொல்லுங்க மகள், ஆருட கை இது?"

றம்ஸியாவுக்குப் பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. கையுறை இல்லாமல் எவரும் தகட்டைத் தொடக்கூடாது என்று விதி வகுத்தவள் அவளே. அதை மீறியதாகக் காளிமுத்துவை அவருடைய ஆட்களின் முன்னிலையில் கடிந்தவளும் அவளே. பூச்சுக்கு முந்திய மாலையில், தகட்டில் தன் முகம் தெரிந்த களிப்பில், உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். எடுத்தபோது சுவடு ஒன்றும் இல்லை. ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

"வேலையாட்களின் கவனக்குறைவு," என்றாள். குரல் சிறிதும் தடுமாறவில்லை. அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

காளிமுத்து சிரித்தார். "நம்ம கை இவ்வளவு சின்னதா இருந்தா, மிஸ், நான் ஹேவாஹெட்டயில வளையல் கடை போட்டிருப்பேன். வேணும்னா எங்க ஆளுங்க கையையும் வச்சுப் பாருங்க."

"கை அளந்துக்கிட்டு இரிக்க எனக்கு நேரமில்ல."

படிக்கட்டின் கைப்பிடிகளும் அறைக் கதவுகளின் பிடிகளும் காளிமுத்துவின் பட்டறைக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த வேலையை வேறொருவருக்கு மாற்றுவதாக மஹ்மூத் தாளில் எழுதலானார். காளிமுத்துவின் சிரிப்பு நின்றது.

"அப்போ குண்டசாலைப் பட்டறைய மூட வேண்டியதுதான், மொதலாளி."

பேனா கையொப்பத்துக்கு இறங்கிய வேளையில், றம்ஸியா சுவரை நெருங்கி, வலக்கையை விரித்துக் கறையின்மேல் வைத்தாள். ஒரு விரல்கூட வெளியே நீளவில்லை. காது மடல்கள் எரிந்தன. கையை எடுத்தால் திரும்ப வேண்டும். திரும்பினால் அவர்களுடைய முகங்களைப் பார்க்க வேண்டும்.

"அல்லாஹ்வே! இவ்வளவு நேரம் வாயில என்ன வச்சிருந்தீங்க, மகள்?" என்றார் மஹ்மூத்.

"மன்னிச்சிருங்க, காளிமுத்து அண்ணன்," என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

"அது இருக்கட்டும், மிஸ். அன்னைக்கு நீங்க திட்டினப்போ என் ஆளுங்க அத்தனை பேரும் நின்னாங்க. இப்போ மொதலாளி மட்டுந்தான் நிக்கிறாரு."

"கூப்பிடுங்க," என்றாள்.

ஈரச் செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டுக் காளிமுத்துவின் ஆட்கள் வந்தனர். கறை தன்னுடையது என்றும், பழியை அவர்கள்மேல் போட்டது பொய் என்றும் சொன்னாள். முதல் வாக்கியம் எளிதாக வந்தது. இரண்டாவதை இருமுறை தொடங்க வேண்டியிருந்தது. ஒருவன் தரையைப் பார்த்தான். மற்றவர்கள் அவளையே பார்த்தார்கள்.

மஹ்மூத் முதல் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்றை எழுதினார். மீதி வேலை காளிமுத்துவுக்கே. பூச்சை உரித்து மறுபடி பூசும் செலவு றம்ஸியாவுக்கு. மேல்மாடி அலங்காரம் இனி அவள் பொறுப்பில் இல்லை. கையொப்பமிட்டு அவளிடம் நீட்டினார்.

"நீங்களே குடுங்க."

அவள் அதை இரு கைகளாலும் காளிமுத்துவிடம் நீட்டினாள். அவர் விரல்களை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.