நாலாம் நம்பர் மேசையின் ஹெட்போன்

அலுவலகத்தில் அவனை எல்லோரும் வயர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் தோளில் இரண்டு கேபிளும் சட்டைப் பையில் ஒரு திருப்புளியுமாக அலைவதால் வந்த பெயர். அது லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்வார்கள். அந்த அழைப்பு இரண்டாம் மாடியில் இருந்த உதவி அறைக்கு வரும். பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு கணினி, பன்னிரண்டு ஹெட்போன். எல்லாக் கணினியிலும் லினக்ஸ் இயங்குதளம். அத்தனையையும் தனியாளாக நிறுவியவன் வயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. யாரும் எதையும் நோண்டிவிடக் கூடாது என்று, ஒலியைக் கூட்டிக் குறைப்பதைத் தவிர மற்ற எல்லா அமைப்புகளையும் பூட்டி வைத்திருந்தான்.

அந்த அறையில் நாலாம் நம்பர் மேசையில் இருந்தவளை அவன் அக்கா என்று கூப்பிடுவான். ஒன்பது வருஷமாக அதே நாற்காலி. அழைக்கிறவர் அழுதாலும் கத்தினாலும், "பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று ஒரே குரலில் பேசுவாள்.

அறைக்குப் புதுத் திரைகள் வந்து இரண்டு வாரம் ஆனபோது அக்காவிடமிருந்து முதல் புகார் வந்தது. ஹெட்போனில் திடீர் திடீரென்று சத்தமே வருவதில்லை. மற்ற மேசைகளில் சத்தம் போனவர்கள் தாங்களே ரீஸ்டார்ட் செய்துகொண்டு எழுதித் தராமல் விட்டார்கள். வயர் போனான். ஹெட்போனைப் பிடுங்கித் திரும்பச் செருகினான். ஒரு பாட்டை ஓடவிட்டான். கணீரென்று கேட்டது.

"நல்லாத்தானே இருக்கு அக்கா?"

"நீ வந்தா நல்லா இருக்கு தம்பி. நீ போனதும் மறுபடியும் ஊமையாயிடுது."

"என்னைப் பார்த்தா அதுக்கும் பயம் போல" என்று சிரித்துவிட்டு வந்தான்.

இரண்டாவது புகாருக்கு அவன் எழுந்திருக்கவே இல்லை. "ரீஸ்டார்ட் பண்ணுங்க அக்கா, சரியாயிடும்" என்று போனிலேயே சொன்னான். மூன்றாவது புகார் வந்த அன்று அவன் கையில் வேறு வேலை இருந்தது. இந்த அக்காவுக்கு வேறு பொழப்பே இல்லை என்று முணுமுணுத்தபடி, கணினியின் புகார்ப் பதிவேட்டில் 'நேரில் பார்த்துச் சரிசெய்யப்பட்டது' என்று தட்டி மூடிவிட்டான். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோரு நாள் கழித்து, எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட ஒரு பகல்பொழுதில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்டில் வயதான ஒருவர் மாட்டிக்கொண்டார். மூச்சுத் தொந்தரவு உள்ளவர். அவருடைய அழைப்பு நாலாம் நம்பருக்கு வந்தது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டாள். கதவைத் திறந்து எடுக்கும்போது அவருக்கு உயிர் இல்லை.

விசாரணையைக் கீழ்த்தளத்துக் கூட்ட அறையில் வைத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி, அறுபதை நெருங்கும் ஒரு அம்மாள், மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் மேலாளர், எதிரே இறந்தவரின் மகள். அக்கா ஒரு ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். அழைப்பின் பதிவைப் போட்டுக் கேட்கவேண்டும். கூட்ட அறைக் கணினியில் பதிவு ஓடியது, சத்தம்தான் வரவில்லை. வயரைக் கூப்பிட்டார்கள்.

இத்தனை பேர் முன்னால் வேலை காட்டுவது அவனுக்குப் பிடித்த விஷயம். ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். எரிந்தது. ஒலி அளவு குறைந்திருக்கிறதா? இல்லை. கட்டளை தட்டும் கருப்புச் சாளரத்தைத் திறந்து நாலு வரி தட்டினான். ஒலிக்கான சிப்பையும் கணினி அடையாளம் கண்டிருந்தது. கடைசியில் ஒலி அமைப்பைத் திறந்தபோது சங்கதி பிடிபட்டது. சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. இங்கேயும் புதுத் திரைதான்; அதற்குப் போட்ட கேபிளில் படமும் போகும், ஒலியும் போகும். திரைக்குள் ஸ்பீக்கர் கிடையாது என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? ஒலி வெளியீட்டை ஸ்பீக்கருக்கு மாற்றினான். சத்தம் வந்தது.

"பலே" என்றார் மேலாளர்.

வயர் கதவோரம் ஒதுங்கி நின்றான். அதிகாரி அக்காவிடம் சில கேள்விகள் கேட்டார். எத்தனை வருஷ வேலை, அன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தாள் என்று விசாரித்து எழுதிக்கொண்டார். அதற்குள் திரை அணைந்துவிட்டது. மேலாளர் சுட்டியை அசைத்துத் திரையை எழுப்பிப் பதிவை ஓடவிட்டார். மறுபடியும் மௌனம்.

"என்னப்பா இது?"

வயர் முன்னால் வந்து பார்த்தான். வெளியீடு மீண்டும் திரைக்கே மாறியிருந்தது. திரை தூங்கி எழும்போதெல்லாம் புதிதாகச் செருகிய கருவியைப் போலத் தன்னைக் காட்டிக்கொள்கிறது, கணினியும் அதை நம்பிச் சத்தத்தை அங்கே அனுப்பிவிடுகிறது. மாற்றுவதற்காகச் சுட்டியைப் பிடித்த அவன் விரல்கள் அப்படியே நின்றன. அழைப்பு வராத நேரத்தில் மேலே எல்லாத் திரைகளும் அணைந்துதான் கிடக்கும். அழைப்பு வந்து சுட்டியைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். அன்றைக்கு அவன் ஹெட்போனைப் பிடுங்கிச் செருகியதும் சத்தம் ஏன் திரும்பி வந்தது என்பதும் அந்த நொடியில் விளங்கியது. செருகும் நேரத்தில் ஹெட்போன்தான் புதுக் கருவி.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"மேடம், இதேதான். என் மெஷின்லயும் இதேதான் ஆச்சு. எனக்கு ஒண்ணுமே கேக்கலை மேடம். மூணு தடவை எழுதிக் குடுத்தேன், தம்பிக்குத் தெரியும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "அப்படி நடந்திருக்க வாய்ப்பு இருக்கா?"

அவன் பதிவேட்டின் அச்சுப்படி மேலாளரின் முன்னால் கிடந்தது. நேரில் பார்த்துச் சரிசெய்யப்பட்டது. அவன் தட்டிய வரிதான். அறையே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறந்தவரின் மகளும் பார்த்தாள். 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும்.

"இது வேற மெஷின் மேடம்" என்றான். "அந்த மெஷினை நானே நேர்ல போய்ப் பாத்துச் சரி பண்ணிட்டேன்."

அக்கா அவனைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியீட்டை மாற்றிவிட்டு அவனே பதிவை ஓடவிட்டான். அழைப்பு பதிவாவது மேசைக் கணினியில் அல்ல, தனிச் சர்வரில் என்பதால் இரண்டு பக்கக் குரல்களும் தெளிவாக இருந்தன. கிழவர் மூச்சு வாங்க வாங்கத் தெருப் பெயரைச் சொன்னார், கட்டட எண்ணைச் சொன்னார். அதன் மேலேயே அக்காவின் குரல்: "ஹலோ, கேக்குதா? பேசுங்க, ஹலோ." அவர் இன்னொரு முறை முழுசாகச் சொன்னார். "ஹலோ, உங்க சத்தம் வரலை. பயப்படாதீங்க, மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிட்டு நானே கூப்பிடறேன்." "வைக்காதம்மா, வைக்காத" என்றார் அவர். அழைப்பு அறுந்தது.

ரீஸ்டார்ட் செய்ய நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. அதன்பின் அவள் ஏழு முறை அழைத்ததும் பதிவில் இருந்தது. எதையும் யாரும் எடுக்கவில்லை.

மகள் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ரெண்டு தடவை அட்ரஸ் சொல்றாரே... இவங்களுக்குக் காதே கிடையாதா?"

அந்த வாரக் கடைசியில் அக்காவுக்கு வேலை போனது. 'கருவியில் கோளாறு இல்லாத நிலையில் கடும் கவனக்குறைவு' என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். வயர் விசாரணை நடந்த அன்று மாலையே பன்னிரண்டு கணினிகளிலும் திரையின் ஒலி வழியை அடைத்துவிட்டான். ஒரு கணினிக்கு இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

சாமான்களை எடுத்துப்போக வந்தவள் படியில் அவனுக்கு எதிரே வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அவன் ஒதுங்கி வழிவிட்டான். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "அக்கா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தான்.

"இப்ப மேல சத்தமெல்லாம் ஒழுங்கா வருதாமே" என்றாள் அவள். "பக்கத்து சீட் பொண்ணு சொன்னா."

அவன் தலையை ஆட்டினான்.

"செத்துப்போனவரோட மக என்னைக் கேட்டாங்க பார், காதே கிடையாதான்னு. வீட்டுல உக்காந்திருந்தாலும் அதுதான் ஓடிக்கிட்டே இருக்கு. நான் செவிடு இல்லைன்னு அவங்ககிட்ட நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போனாப் போகுது." பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே."

அவள் இறங்கிப் போனாள். மகளின் போன் எண் விசாரணைக் காகிதத்தில் இருந்தது. வயர் அதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டான். இரண்டு முறை எண்ணை அழுத்தவும் செய்தான். மணி அடிப்பதற்குள் இரண்டு முறையும் துண்டித்துவிட்டான். துவைத்த சட்டைப் பையிலிருந்து தாள் ஒருநாள் கூழாக வந்தது. விசாரணைக் காகிதம் அலமாரியில்தான் இருந்தது. அவன் மறுபடி அதை எடுக்கப் போகவில்லை.

அடுத்த மாதம் மேலாளர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"சவுண்ட் சம்பந்தமா ஒரு புகார் கூட இல்லையாமே! மத்த கிளையிலயும் இதே தலைவலிதான். நீ என்ன பண்ணேன்னு எழுதிக் குடு, எல்லாருக்கும் அனுப்பிடலாம்."

வயர் மேசைக்குத் திரும்பிப் படிவத்தைத் திறந்தான். கோளாறு என்ன, காரணம் என்ன, எப்படிச் சரிசெய்வது என்று ஒவ்வொன்றாக எழுதினான். யார் படித்தாலும் புரிகிற மாதிரி, படிப்படியாக, சுத்தமாக எழுதினான். கண்டறிந்த தேதி என்ற இடத்தில் விசாரணை முடிந்து இரண்டு வாரம் கழிந்த ஒரு தேதியைப் போட்டான். அதற்குக் கீழே 'இக்கோளாறால் பாதிக்கப்பட்ட அழைப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டு அனுப்பினான். படிவம் ஏற்க மறுத்துத் திருப்பியது. அந்தக் கட்டத்தில் சிவப்புக் கோடு விழுந்தது.

'இல்லை' என்று தட்டி அனுப்பினான்.