புது ஆள் கையில் சாவி

மாடிப்படியில் ஏறிவரும் சத்தத்தை வைத்தே என் தம்பி குடித்திருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். குடிக்காத நாளில் தடதடவென்று வருவான். குடித்த நாளில், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, ஒவ்வொரு படியாக மெதுவாக வருவான். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல். டாக்ஸி கம்பெனியில் நாள் முழுக்க ஃபோன் எடுக்கிறவள் நான், காது பழகிவிட்டது.

அவன் கிரேன் ஓட்டுகிறவன். வாயில் வாடை அடிக்கிறதென்று மேலேயிருந்து இறக்கி, கீழே கயிறு மாட்டுகிற வேலையில் போட்டிருந்தார்கள். இன்னொரு தடவை என்றால் வேலையே போய்விடும். அந்த இன்னொரு தடவைக்கு அவன் பெண்டாட்டி காத்திருக்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனசில்லை. “இனிமே தொடவே மாட்டேன்க்கா” என்று என் தலையில் அடித்து எத்தனையோ சத்தியம் செய்தவன் இவன். குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு. என் தலை இன்னும் கழுத்தில் நிற்பதே பெரிய விஷயம்.

குடியை விட்டவர்கள் வாரத்துக்கு ஒருநாள் கூடுகிற இடம் ஒன்று இருப்பதாக எங்கள் டிரைவர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார். ஊரின் சந்துபொந்தெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் நானே அதைத் தேடி அலைந்தேன். பலகை கிடையாது. டயர் கடையை ஒட்டி ஒரு குறுகலான படிக்கட்டு, அவ்வளவுதான். தம்பி முதல் படியிலேயே நின்றுவிட்டான்.

“நீ போய் ஆழம் பாத்துட்டு வா. தெரிஞ்ச மூஞ்சி ஏதாவது இருக்கான்னு பாரு.”

“உனக்குத் தெரிஞ்ச மூஞ்சியெல்லாம் இந்நேரம் வேற கடையிலதான்டா இருக்கும்” என்றுவிட்டு ஏறினேன்.

ரப்பர் வாடை அடிக்கும் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய உடம்புக்காரர் ஒருவர் எழுந்து டீ டம்ளரைக் கையில் கொடுத்தார். அவரைக் கப்பல் என்று கூப்பிட்டார்கள். ஒருகாலத்தில் ஆடி ஆடி நடந்தவராம். ஆட்டம் நின்றும் பேர் நிற்கவில்லை.

“உக்காருங்கம்மா. முதல் நாள் எதுவும் பேச வேணாம். கேட்டா போதும்.”

குடிக்கிறது நான் என்று நினைத்துவிட்டார்கள். அப்போதே மறுத்திருக்கலாம். என் வாயைப் பற்றி ஆபீசில் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள். ஆனால் என் வயதுப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி அப்போது பேசத் தொடங்கியிருந்தாள். “தினமும் கிளம்பறதுக்கு முன்னாடி எம்பொண்ணு என் தண்ணி பாட்டில மோந்து பாப்பா. பாக்காத மாதிரி நான் திரும்பி நின்னு தலை சீவிட்டிருப்பேன்” என்றாள். தம்பியின் சட்டையை, டம்ளரை, தலையணையை எல்லாம் நான் மோந்து பார்த்திருக்கிறேன். அப்போது அவன் எங்கே திரும்பி நின்றிருப்பான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அதையும் அவர்கள் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருப்பார்கள்.

முடிந்து கிளம்பும்போது கப்பல் ஒரு சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். டயர் துண்டில் கோத்த சாவி.

“கடைசியா வந்த ஆள்கிட்டதான் சாவி இருக்கும். இங்க அப்படி ஒரு வழக்கம். அடுத்த வாரம் நீங்க வந்து திறக்கணும்.”

“வரலைன்னா? வேற சாவி?”

“கிடையாது. படிக்கட்டுல நிப்போம்.”

“ஐயா, குடிக்கிறது நான் இல்ல. என் தம்பி. கீழ நிக்கிறான்.”

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே யாரும் இல்லை. சாவியைத் திருப்பி வாங்குவார் என்று நீட்டினேன். “அப்ப அவர்கிட்ட குடுத்துடுங்க” என்று நாற்காலிகளை மடக்கப் போய்விட்டார்.

அன்று ராத்திரி தம்பி வீட்டுக்கு மெதுவாகத்தான் படியேறி வந்தான். நான் திட்டவில்லை. சாவியை அவன் முன்னால் வைத்து, “நீ போய்த் திறக்கலைன்னா அத்தன பேரும் வெளியில நிப்பாங்க” என்றேன்.

“யாரைக் கேட்டு வாங்கிட்டு வந்த?” என்றான். தொடவில்லை. வாரம் முழுக்க அது ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. நானும் அதை நகர்த்தாமல் சுற்றித்தான் தூசி துடைத்தேன்.

கூட்டத்தன்று வேலை முடிந்து வந்தால் சாவியைக் காணோம். அவனையும் காணோம். தன் வாழ்க்கையைத் தொலைத்தது போதாதென்று அந்த ஜனங்களின் கதவையும் தொலைத்துவிடுவானோ? ஓடினேன்.

எல்லாரும் படிக்கட்டில்தான் நின்றார்கள். டீச்சர் மேல்படியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இருட்டத் தொடங்கியும் யாரும் கிளம்புவதாக இல்லை. எனக்கு அவமானம் தாங்கவில்லை.

“பூட்டை உடைச்சிடலாங்க. டயர் கடையில கடப்பாரை இருக்கும்” என்றேன்.

கப்பல் சிரித்தார். “இதே மாதிரி என் சாவிக்காகவும் நின்னாங்கம்மா. அன்னைக்கு நான் வரவே இல்ல. அதுக்கடுத்த வாரமும் நின்னாங்க.”

அப்போது கீழே காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியாக. அந்த நடையை எனக்குத் தெரியும். ஆனால் பயத்திலும் கால் அப்படித்தான் ஏறுமோ என்னவோ, அது என் காதுக்குத் தெரியவில்லை.

“குடிச்சிருக்கானோ என்னமோ” என்றேன்.

டீச்சர் பேனாவை மூடினாள். “வர்றாருல்ல” என்றாள்.

படி திரும்பும் இடத்தில் சத்தம் நின்றது. யாரும் கூப்பிடவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பூட்டுவரைக்கும் வழிவிட்டார்கள். நானும் ஒட்டி நின்றேன்.