கையின் கனம்

ஜெயசித்ரா சிஸ்டரை டான்ஸ் கிளாசுக்கு அனுப்புகிறார்கள் என்ற செய்தி ஐ.சி.யூ.வுக்குள் வந்தபோது வார்டே சிரித்தது. நினைவோடு படுத்திருந்த நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். நாற்பத்தைந்து வயது, முழங்கால் வலி, முகத்தில் எப்போதும் ஒரு கடுகடுப்பு. அவளை ஆடச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவளுக்கு மட்டும் வரவில்லை.

உண்மையில் அது டான்ஸ் இல்லை. முதலியார்பேட்டையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையை விட்டு நர்சுகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். இருக்கிறவர்களாவது ஓய்ந்துபோகாமல் இருக்கட்டும் என்று நிர்வாகம் சனிக்கிழமை மதியங்களில் ஒரு அசைவு வகுப்புக்கு ஏற்பாடு செய்தது. இன்னும் நாலு நர்சுகளை வேலைக்கு எடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கையைக் காலை ஆட்டச் சொன்னார்கள். நிர்வாகங்களுக்குப் புத்தி எப்போதும் இப்படித்தான் போகும். அதற்காக வகுப்பின் மேல் பழி போடுவதும் நியாயமில்லை.

மற்றவர்கள் இஷ்டப்பட்டால் போகலாம். ஜெயசித்ரா போயே ஆகவேண்டும். அதற்குக் காரணம் செல்வாம்பாள்.

செல்வாம்பாள் வம்பாகீரப்பாளையத்தில் மீன் விற்கிறவள். அவள் புருஷன் கோவிந்தசாமி மூளையில் ரத்தம் கசிந்து ஐ.சி.யூ.வில் கிடந்தார். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் அவள் வெளியே போகவில்லை. போர்வைக்குள் கையை விட்டு அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கெளம்புமா, டைம் ஆச்சு."

"ஏம்மா, நான் என்னா பண்றேன்? எங்க ஆளு காலத்தான புடிச்சிக்கினு நிக்கிறேன்."

தினமும் யாராவது இப்படி நிற்பார்கள். ஜெயசித்ராவும் தினமும் யாரையாவது விரட்டுவாள். அன்றைக்கு என்ன வந்ததோ, அந்தக் கையைப் போர்வைக்குள்ளிருந்து வெடுக்கென்று பிடுங்கி, செல்வாம்பாளைக் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் வெளியே விட்டாள். மறுநாள் மீனவர் குப்பத்திலிருந்து ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். நர்சிங் சூப்பிரண்ட் ஹேமலதா மேடம்தான் செல்வாம்பாளின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தாள்.

அப்புறம் ஜெயசித்ராவைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

"சனிக்கெழம கிளாசுக்குப் போங்க. மாசக் கடைசில நானே வந்து பார்ப்பேன். சரியாயிட்டீங்கன்னு எனக்குத் தோணலன்னா ஸ்டெரிலைசேஷன் ரூமுக்கு மாத்திடுவேன்."

அடித்தளத்தில் இருக்கும் அறை அது. ஆபரேஷன் கருவிகளை ஆவியில் வேகவைக்கும் இயந்திரம் ஒன்று, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் ஒன்று. நோயாளி இல்லை, பேச்சு இல்லை, ஜன்னலும் இல்லை. எத்தனையோ பேர் நிம்மதி என்று ஓடிப்போய் வாங்கிக்கொள்ளும் டூட்டி. ஜெயசித்ராவுக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம்.

ஏனென்றால் அவளுக்கு வீட்டில் யாரும் இல்லை. கல்யாணம் செய்துவைத்தார்கள், அது வருஷம் திரும்புவதற்குள் முறிந்துபோனது. அம்மாவோடு முத்தியால்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் இருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அதே போர்ஷனில் டி.வி.யோடு இருக்கிறாள். ஐ.சி.யூ.வில் கிடக்கிறவர்கள் பாதிப் பேர் பேசமாட்டார்கள்தான். ஆனாலும் மனித உடம்புகள். புரட்டிப் படுக்கவைக்கலாம், தலை வாரிவிடலாம், முதுகுக்குப் பவுடர் போடலாம். நாள் முழுக்கத் தொடுவதுதான் அவள் வேலை. அவளைத் தொடத்தான் ஊரில் ஆள் இல்லை. ரவிக்கைக்கு அளவெடுக்கும் டெய்லர் அம்மா ஒருத்தி வருஷத்துக்கு ஒருமுறை தோளைத் தொடுவாள். இப்போது அவளும் பழைய ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்று சொல்லிவிட்டாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மாற்றிவிடுவேன் என்று சொன்ன ஹேமலதா வேறு யாரோ இல்லை. நர்சிங் படித்த காலத்திலிருந்து கூட்டாளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேரும் உப்பளம் ஏரியாவில் ஒரு அறை எடுத்து, ஒரே பாயில் படுத்தவர்கள். ஒருத்தி காய்ச்சலில் கிடந்தால் இன்னொருத்தி லீவு போடுவாள். ஹேமலதா சூப்பிரண்ட் ஆன அன்று டாக்டர்கள் எதிரில் ஜெயசித்ரா வாய் தவறி, "ஏ ஹேமா" என்று கூப்பிட்டுவிட்டாள். ஹேமலதா தனியாக அழைத்து, "டூட்டி நேரத்துல மேடம்னு கூப்புடு" என்றாள். சொன்னது ஒன்றும் பெரிய குற்றமில்லை. இவளோ ரோஷக்காரி. அன்றிலிருந்து டூட்டி முடிந்த பிறகும் மேடம், கல்யாண வீட்டில் பார்த்தாலும் மேடம். அம்மா சாவுக்கு ஹேமலதா மாலையோடு வந்தபோதும், "வாங்க மேடம்" என்றுதான் சொன்னாள். கட்டிக்கொள்ள நீட்டிய கையை ஹேமலதா அப்படியே மடக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளும் "நீங்க, வாங்க" என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

வகுப்பு மேல்மாடியில், பிசியோதெரபி ஹாலில் நடந்தது. நடத்த வந்தவள் கலையரசி. சின்னப் பெண், தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு குட்டி ஸ்பீக்கர். முதல் நாள், "இந்த ஹால்ல உங்க இஷ்டத்துக்கு நடங்க" என்று பாட்டைப் போட்டாள். எல்லோரும் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நடந்தார்கள். நடு ஹால் காலியாகக் கிடந்தது.

"ஏன் யாரும் நடுவுல வர மாட்டேங்கறீங்க?"

"ஸ்ட்ரெச்சர் வந்தா வழி வேணுமே மேடம்" என்றான் சிலம்பரசன். ஐ.சி.யூ.வில் வேலை செய்யும் ஆண் நர்ஸ் அவன். சொன்ன பிறகுதான் அவனுக்கே விஷயம் உறைத்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலையரசி சிரிக்கவில்லை. அவளே நடுவில் போய் நின்று கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். ஒவ்வொருவராக நடுவுக்கு வந்து சுற்றிப் பார்த்தார்கள். ஜெயசித்ரா கடைசி வரைக்கும் சுவரை விடவில்லை.

அடுத்த வாரம் ஜோடி சேரச் சொன்னாள். ஒருவர் பாயில் கண்ணை மூடிப் படுக்கவேண்டும். மற்றவர் அவருடைய கையைத் தூக்கி, மெதுவாக ஆட்டி, இறக்கவேண்டும். படுத்திருப்பவர் கையின் கனத்தை அப்படியே கொடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் பயிற்சி. ஜெயசித்ராவோடு ஜோடி சேர யாரும் முன்வரவில்லை. எரிந்து விழுகிறவளிடம் யார் போய் மாட்டுவார்கள்? கலையரசியே வந்து உட்கார்ந்தாள்.

தொட்டதும் ஜெயசித்ராவின் கை தானாகவே மேலே எழுந்தது.

"சிஸ்டர், நீங்களே தூக்கித் தரீங்க. வேணாம். வுட்டுடுங்க, நான் புடிச்சிக்கிறேன்."

விட்டால் விழுந்துவிடுமே என்றது ஜெயசித்ராவின் உடம்பு. எத்தனை முயன்றும் தோள் தளரவில்லை. கலையரசியும் விடாமல் அவள் முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். சூடான உள்ளங்கை. அந்தச் சூடு ஏற ஏற ஜெயசித்ராவுக்குப் போர்வைக்குள் இருந்த செல்வாம்பாளின் கை ஞாபகம் வந்தது. பார்வையாளர் நேரமெல்லாம் வெறும் சாக்கு என்று அப்போதுதான் புரிந்தது. நினைவில்லாமல் கிடக்கும் ஒரு கிழவருக்குக்கூடக் காலைப் பிடிக்க ஆள் இருக்கிறது என்று அவளுக்கு வயிறு எரிந்திருக்கிறது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரமும் கை இறங்கவில்லை. வீட்டில் டி.வி.யை அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்து, தன் வலக்கையை இடக்கையால் தூக்கிப் பழகிப் பார்த்தாள். தன் கையைத் தானே தாங்குவது என்ன கணக்கில் சேரும்? எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஹேமலதா சொன்னபடியே வந்தாள். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கலையரசி ஜோடி பிரித்துவிட்டு நிமிர்ந்தாள். வழக்கம்போல ஜெயசித்ரா மிச்சமாக நின்றாள்.

"மேடம், நீங்க இவங்களோட சேர்ந்துக்கிறீங்களா?"

ஹேமலதா தயங்கினாள். எல்லோரும் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாய் ஓரத்தில் மண்டியிட்டாள். ஜெயசித்ரா படுத்துக் கண்ணை மூடினாள். சரியாயிட்டீங்களா என்று பார்க்க வந்தவளே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கும் கை விறைத்தால் அடித்தள அறைதான். அதை நினைக்க நினைக்க விறைப்புக் கூடியது.

ஹேமலதா மணிக்கட்டைப் பிடித்தாள். எத்தனை வருஷம் ஆனால் என்ன, உடம்புக்கு அந்தப் பிடி தெரிந்திருந்தது. காய்ச்சலில் கிடந்த நாட்களில் ஈரத்துணியோடு வந்த கை. ஜெயசித்ரா ஒன்றும் செய்யவில்லை. தோள் தானாக இறங்கியது. கை முழுக் கனத்தோடு ஹேமலதாவிடம் போனது. கழுத்து, முதுகு, இடுப்பு என்று ஒவ்வொன்றாக அவிழ்ந்து, உடம்பு பாயில் அப்படியே படிந்தது. சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் இவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாதாரண ஆளாக இருந்திருந்தால் நன்றாகச் செய்கிறாள் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஹேமலதா நர்ஸ். கையில் திடீரென்று பிணக் கனம் ஏறினால் நர்சுக்கு வேறு எண்ணமா வரும்?

"சிஸ்டர்" என்றாள். பதில் இல்லை. "ஜெயசித்ரா சிஸ்டர்?"

பதில் சொல்ல ஜெயசித்ரா வாய் திறக்கத்தான் போனாள். அதற்குள் அவள் கை அவள் முகத்துக்கு நேர் மேலே உயர்வது தெரிந்தது. ஹேமலதா என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்துவிட்டது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு மயக்கம் என்று வந்து படுக்கிறவர்களுக்கு நர்சுகள் செய்யும் சோதனை அது. கையை முகத்துக்கு மேலே பிடித்து விட்டுவிடுவார்கள். நடிக்கிறவர்களின் கை முகத்தில் படாமல் பக்கவாட்டில் போய் விழும். நிஜமாக நினைவில்லாதவர்களின் கை நேரே முகத்தில் அடிக்கும். ஜெயசித்ராவே எத்தனையோ மருமகள்களை இப்படிக் கண்டுபிடித்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஹேமலதா கையை விட்டாள். அது நேரே வந்து மூக்கில் அறைந்தது.

வலி மண்டைக்கு ஏறியது. ஜெயசித்ரா அசையவில்லை.

"அய்யோ, சித்ரா" என்றாள் ஹேமலதா. "ஏய் சித்ரா. அடியே, கண்ணத் தொறடி. சிலம்பு, சுகர் மெஷின எடுத்துக்கினு ஓடியா. காலத் தூக்குங்க யாராச்சும்."

யாரோ காலைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரோ உள்ளங்காலைத் தேய்த்தார்கள். கலையரசி பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தினாள். ஹேமலதாவின் ஒரு கை கழுத்தில் நாடி பார்த்தது, இன்னொன்று கன்னத்தைத் தட்டியது, நெற்றி முடியை ஒதுக்கியது. "நேத்தே மூஞ்சி வெளிறிக் கெடந்தாடி. நான்தான் பாக்காத மாதிரி போய்ட்டேன்" என்று யாரிடமோ சொன்னாள். சித்ரா என்று கூப்பிட இப்போது உலகத்தில் வேறு யாரும் இல்லை. இது தப்பு, இத்தனை பேரைப் பதறவைப்பது பெரிய தப்பு என்று ஜெயசித்ராவுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

ஹேமலதாவின் கண்ணீர் ஒரு சொட்டு அவள் கழுத்தில் விழுந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. கண்ணைத் திறந்தாள்.

ஹேமலதா அவள் முகத்தையே பார்த்தாள். அனுபவம் உள்ளவள், மயக்கம் தெளிந்த கண்ணுக்கும் தெளிந்தே இருந்த கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதா?

"முழிச்சிக்கினுதான் இருந்தியா?"

ஜெயசித்ரா தலையாட்டினாள்.

"நடிச்சியா? இத்தன பேர் முன்னாடி என்ன அழவெச்சிட்டு?" காலைப் பிடித்திருந்தவர்கள் மெல்லக் கீழே விட்டுவிட்டு விலகினார்கள். அடித்தள அறைக்கு இன்றைக்கே உத்தரவு வந்துவிடும் என்று எல்லோருக்கும் தோன்றியது. "ஏண்டி கண்ணத் தொறக்கல?"

"தொறந்தா நீ கைய எடுத்துடுவியே ஹேமா."

ஹேமலதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ரூமுக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்றாள். "நீ போனா அங்கயே மக்கிப் போய்டுவ."

சிலம்பரசன் சர்க்கரை பார்க்கும் கருவியோடு மூச்சிரைக்க ஓடிவந்தான். ஜெயசித்ரா கண் திறந்து கிடப்பதைப் பார்த்து, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"வந்தது வந்துட்ட, குத்திப் பாரு" என்றாள் ஹேமலதா. பிடித்திருந்த கையை விடாமலே ஒரு விரலை மட்டும் அவனிடம் நீட்டினாள்.

அவன் ஊசியால் குத்தினான். ஜெயசித்ரா ஓவென்று அழுதாள். ஐ.சி.யூ.வில் அவள் அழுது பார்த்திராத சிலம்பரசன், ரொம்ப ஆழமாகக் குத்திவிட்டோம் என்று நினைத்து, "சாரி சிஸ்டர், சாரி சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே பஞ்சைத் தேடினான்.