காம்பு வைத்த கிளாஸ்

எங்கள் நகராட்சி மண்டபம் ஏரிக்கரையில் இருக்கிறது. மதியம் சாய்ந்ததும் தண்ணீரின் வெளிச்சம் கண்ணாடி ஜன்னல் வழியாக ஏறிக் கூரையில் போய் நெளியும். அந்த நேரத்தில் உள்ளே நிற்கிறவர்களைப் பார்த்தால் எல்லோரும் குளத்துக்கு அடியில் நடமாடுகிற மாதிரி இருக்கும். பேச்சு மெதுவாகிவிடும், நடை மெதுவாகிவிடும். மாமியாரைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றும். நான் அந்த மண்டபத்தின் பொறுப்பாளர். மற்றவர்கள் மயங்கலாம், மயங்காமல் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பொதுமக்கள் சொத்து என்றால் சும்மாவா? சொந்த வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு மாடிப்படியில் உருளலாம், கேட்க ஆளில்லை. இங்கே உருண்டால் நான் கேட்பேன். அனுமதி வாங்கிய ஒருவர்தான் மது ஊற்றலாம். நீலக் கயிறு கட்டிய இடத்தைத் தாண்டி அது போகக்கூடாது. மது என்றால் காம்பு வைத்த கண்ணாடிக் கிளாஸ்; ஜூஸ், தண்ணீர் என்றால் காகிதக் கப். இதில் மட்டும் கலப்பே கூடாது. கூடத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியைப் பார்த்தாலும் யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதற்காக.

இதெல்லாம் போக ஒரு பித்தளை மணி உண்டு. அதை நான் அடித்தால் எல்லோரும் கையிலிருப்பதைப் பக்கத்து மேசையில் வைத்துவிட வேண்டும். அடித்தபின் அன்றைக்கு ஒரு சொட்டு ஊற்ற முடியாது. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. இதனால் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'மணியம்மா' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு அங்கே என் அண்ணன் மகளின் கல்யாண விருந்து. எனக்கு விடுமுறை நாள். பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார வேண்டிய அத்தை நான். ஆனால் அன்றைய மண்டபப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் அண்ணன்.

அண்ணன் குடித்தவன். கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டில் பாத்திரம் உடைந்ததும், அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றதும் எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் விட்டான். எப்படி விட்டான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. விட்டு வருஷக்கணக்காகிறது. ஆனாலும் மதுக்கடை இருக்கிற தெருவில் அவன் இன்னும் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பான். 'ஒரு வாய் போதும் பாப்பா, நான் திரும்பப் போயிடுவேன்' என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

மாப்பிள்ளை வீட்டார்தான் விருந்தில் மது வேண்டும், அதுவும் சிவப்பு ஒயின் வேண்டும் என்றார்கள். விதிப்படி கேட்டார்கள், விதிப்படி கிடைத்தது. விருந்தினர்கள் வருவதற்கு முன்னால் அண்ணன் என் அறைக்கு வந்தான். புதுச்சட்டை, படிய வாரிய தலை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தான்.

"பாப்பா, ஒரு உதவி செய்யணும்."

"அந்த முகத்தோட வந்தா உதவியா இருக்காது, உபத்திரவமாத்தான் இருக்கும். சொல்லு."

"சம்பந்தி வாழ்த்து சொல்லப் போறாராம். எல்லாரும் கிளாஸைத் தூக்குவாங்க. நான் மட்டும் காகிதக் கப்போட நிக்கணுமா?"

"நின்னா என்ன? கப்பு கடிக்குமா?"

"ஏன் குடிக்கலன்னு கேப்பாங்க. டாக்டர் வேண்டாம்னாருன்னு சொன்னா, என்ன வியாதின்னு கேப்பாங்க. அவங்களுக்கு என்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு ஒரு நாளு. அந்தக் காம்பு வச்ச கிளாஸ்ல திராட்சை ஜூஸ் ஊத்திக் குடு. பாக்கறதுக்கு ஒண்ணாதானே இருக்கும்?"

"முடியாது. விதியே அதுக்குத்தான் இருக்கு."

"போற வீட்ல முதல் நாளே குடிகாரன் பொண்ணுன்னு அவ பேர் வாங்கணுமா?" என்றான். அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. எனக்கு அதற்கு மேல் விதி ஞாபகம் வரவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான், வேறென்ன சொல்ல?

அன்றைக்கு மது ஊற்ற வந்திருந்தவருக்கு மண்டபத்தில் 'கறார்' என்று பட்டப்பெயர். வெள்ளைக் கையுறை, சிரிக்காத முகம். விஷயத்தைச் சொன்னதும் அவர் இன்னும் விறைத்தார்.

"விதியில இடமில்லைங்க மேடம்."

"விதி எழுதினவருக்கு அண்ணன் இருந்திருக்க மாட்டான். நான் சொல்றேன், ஊத்துங்க."

ஊற்றினார். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு ஊற்றினார். "அண்ணிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேர் தோலையும் உரிச்சிடுவா" என்று சொல்லிக் கிளாஸை அண்ணனிடம் கொடுத்தேன். அவன் அதைக் கையில் வாங்கியதும் தோள் நிமிர்ந்தது. எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

விருந்து நிரம்பியது. ஏரியின் வெளிச்சம் கூரையில் ஏறி, அங்கிருந்து சுவரில் வழிந்து, பெண்களின் புடவைகளில் இறங்கியது. மெல்லிய திரைச்சீலைகள் காற்றில் உப்பி உப்பி அடங்கின. வாத்தியக்காரர் ஏதோ ஒரு மெட்டை முடிக்க மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார். பேசுகிற வாய்கள் அசைவதும் சொற்கள் பின்னால் வந்து சேர்வதுமாக இருந்தது. இது நம் மண்டபம்தானா, நான் இன்னும் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறேனா என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. கயிற்றோரமாக நின்றுகொண்டு அண்ணனையே பார்த்தேன். அவன் கிளாஸைப் பிடித்தபடி ஒவ்வொருவரிடமும் போய்ச் சிரித்துப் பேசினான். கல்யாணப்பெண்தான் நேரம் போகப் போக வாடிக்கொண்டே வந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள், களைப்பு என்று நினைத்தேன்.

புகைப்படக்காரர் வந்து இரண்டு அப்பாக்களையும் ஜன்னல் பக்கம் அழைத்தார். "கிளாஸை வச்சிட்டு வாங்க சார், கை நல்லா தெரியணும்" என்றார். அண்ணன் தன் கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தான். சம்பந்தி தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். படம் எடுத்து முடித்ததும் சம்பந்தி இரண்டையும் அள்ளிக்கொண்டு, ஒன்றை அண்ணனிடம் நீட்டினார். "பிடிங்க சம்பந்தி!" அண்ணன் பிடித்தான். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்து என்ன பயன்? இரண்டும் ஒரே கிளாஸ், ஒரே நிறம். கூரையில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது, நானும் அதோடு ஆடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

சம்பந்தி நல்ல மனிதர். குரலுக்கு மைக் தேவையில்லாதவர். நடுவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டார். மாப்பிள்ளை, பெண், அண்ணி, எல்லோரும் சுற்றி வந்தார்கள். தொண்டையைச் சரிசெய்ய ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"என்னப்பா இது, மிட்டாயக் கரைச்ச மாதிரி இனிக்குது? சரக்கே இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையில் இருந்தது அண்ணனின் கிளாஸ்.

அண்ணனைப் பார்த்தேன். கிளாஸ் அவன் வாய்க்கு அருகில் இருந்தது. அவனுக்கு வாசனை எட்டிவிட்டது. அவன் சம்பந்தியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வீடு முழுக்க ஆள் இருந்தாலும் அவனும் அதுவும் மட்டும் இருப்பதுபோல் பார்ப்பானே, அந்தப் பழைய பார்வை. கூடத்தின் சத்தமெல்லாம் என் காதில் வடிந்துவிட்டது. தூக்கிய கைகளெல்லாம் தண்ணீருக்கடியில் செடிகள் மாதிரி மெல்ல அசைந்தன. அவன் உதடு கிளாஸின் விளிம்பைத் தொட்டது.

மணியை அடித்தேன்.

இரண்டு கையாலும் பிடித்து அடித்தேன். வாத்தியம் நின்றது. யாருடைய குழந்தையோ வீறிட்டது. கிளாஸ்கள் ஒவ்வொன்றாக மேசைகளில் இறங்கின. கடைசியாக இறங்கியது அண்ணனுடையது. அதை வைத்துவிட்டும் விரல்களை எடுக்கவில்லை. பிறகு எடுத்தான். கிளாஸில் இருந்தது குறையவில்லை என்று பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழிய ஒடச்சிட்டீங்களே!" என்றார் சம்பந்தியம்மா. "சொந்த அத்தையே இப்படிப் பண்ணலாமா?"

"இந்த மண்டபத்துல மணி அடிச்சா அடிச்சதுதான். இனிமே ஊத்த முடியாது."

"எதுக்கு அடிச்சீங்கன்னாவது சொல்லுங்களேன்."

"சொல்லணும்னு விதி இல்லை."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் என் தோல் பாதி உரிந்துவிட்டது. யாரோ பின்னாலிருந்து 'மணியம்மா' என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சொல்லட்டும். ஊர் முழுக்கத் திட்டினாலும் அன்றைக்கு எனக்கு உறைத்திருக்காது. ஆனால் சம்பந்தி கறார் பக்கம் திரும்பிவிட்டார்.

"இந்த ஆளு சர்க்கரைத் தண்ணியக் கலந்திருக்கான், அதான் விஷயம். அந்த அம்மா மண்டபத்து மானம் போகக் கூடாதுன்னு மறைக்கறாங்க. உன் அனுமதியைப் புடுங்க வைக்கறேன் பாரு!"

கறார் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் பேசிவிட்டான்.

"அவர் மேல தப்பில்லைங்க. உங்க கைக்கு வந்தது என் கிளாஸ். அதுல திராட்சை ஜூஸ்தான் இருந்துச்சு. நான் குடிக்கறதில்ல." நிறுத்தினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "குடிக்கறதில்லன்னா, குடிச்சவன். ரொம்ப மோசமா குடிச்சவன். விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் என் தங்கச்சிகிட்ட கெஞ்சி இப்படி ஊத்த வச்சேன். கிளாஸ் மாறினதும் எனக்காகத்தான் அவ மணி அடிச்சா. பொண்ணுக்கு இதுல சம்பந்தமில்ல. அவள ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாங்கள் பட்ட பாடு இப்படி நடுக்கூடத்தில் கொட்டியது.

பெண் தன் அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, அவங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மொதல் தடவை அவங்க வீட்டுக்குப் போனப்பவே நான் சொல்லிட்டேன். உங்கப்பா என்ன வேலை பாக்கறாருன்னு கேட்டாங்க. அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி இதைத்தான் சொன்னேன். எங்கப்பா குடிய விட்டவருன்னு. பெருமையாத்தான்பா சொன்னேன்."

சம்பந்தி தலையாட்டினார். "தெரியும் சம்பந்தி," என்றார், அவருக்கு அவ்வளவு சின்னக் குரலும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. "மத்தியானத்துலேர்ந்து உங்க கையில கிளாஸப் பாத்தோம். மறுபடி தொட்டுட்டீங்க போலன்னு நெனச்சோம். கேக்க வாய் வரல. அதான் நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தேன்."

"நானும் பாத்துக்கிட்டேதான்பா இருந்தேன்," என்றாள் பெண். "படம் எடுக்கும்போது, எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசும்போது. என் கல்யாணத்துலயான்னு..."

அண்ணன் அவளை விட உயரம். அப்படியே குனிந்து தன் முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்து அவள் மேல் ஊதினான்.

"நீயே பாரும்மா," என்றான்.

அவள் கண்ணை மூடி முகர்ந்து பார்த்தாள், முகம் தெளிந்தது. பிறகு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை ஊதுங்கப்பா," என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.