அப்பாவின் கண்களில் மஞ்சள்

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை.

காலையில் முற்றத்து வெளிச்சத்தில் அப்பாவின் கண்களைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. நேற்று டியூப் லைட்டின் கீழே பார்த்தபோது தெரியவில்லை. தெரிந்தும் நம்பாமல் விட்டேனோ என்னவோ.

அப்பாவுக்குப் பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் இப்போது ஈரலில் இருக்கிறது. கீமோ பலிக்காமல் போனபின் டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். தொடை ரத்தக்குழாய் வழியாக ஈரல்வரை மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிகளுக்குள் மட்டும் மருந்தை விடுவது. அதற்காக இன்று திருவனந்தபுரத்தில் அட்மிட் ஆக வேண்டும். மஞ்சள் காமாலை வந்துவிட்டால் செய்ய முடியாது என்று அன்றே சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன்.

“உனக்கு எல்லாத்திலயும் சந்தேகமாக்கும்” என்றவள், அப்பாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணன் அனூஜின் சட்டைப் பையிலிருந்து கூலிங் கிளாஸை உருவினாள். அவன் பூவாறில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன்.

“எம்மா, அது எனக்க தொழிலுக்குள்ளது!”

“எலே, நீ வண்டிய எடு.”

அப்பா அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். “பூவாறுக்கு வந்த வெள்ளக்கார சாயிப்பு மாதிரி உண்டா மக்கா?”

அண்ணன் மட்டும் சிரித்தான்.

காரில் நான் மெதுவாகக் கேட்டேன். “ரத்தம் எடுத்தா தெரிஞ்சிருமே அம்மா?”

“எடுக்கட்டும். கண்ணப் பாத்தா எடுக்காமலே அனுப்பி விடுவினும். உள்ள போயி கட்டில்ல படுத்திட்டா, பெறகு எறக்கி விடுவினுமா?”

அமரவிளையைத் தாண்டும்போது நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

“கண்ணாடி ஒண்ணு மாற்றாமோ?” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர், கழற்றும்படி கையைக் காட்டி.

“வெயிலு டாக்டர்” என்றார் அப்பா.

“இவிடெ வெயில் இல்லல்லோ.”

அப்பா கழற்றினார். டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். மதியத்துக்குமேல் டாக்டர் மறுபடி கூப்பிட்டு, எங்களுக்காகத் தமிழிலேயே சொன்னார்.

“பித்தக்குழாய் அடைப்புன்னா திறந்து விடலாம். இது அதில்ல. ஈரல் முழுக்கக் கட்டிதான். இப்ப மருந்து விட்டா மிச்சமுள்ள நல்ல ஈரலும் போயிரும். இனி வலி இல்லாம பாத்துக்கலாம். வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க.”

“பாதி ஈரலுக்கு மட்டும் விட்டாலும் போதும் டாக்டர்” என்றார் அப்பா.

டாக்டர் இல்லையென்று தலையசைத்தார்.

“நான் கையெழுத்துப் போடுதேன்” என்றாள் அம்மா. “என்ன ஆனாலும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நர்ஸ் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டாள். அப்பா எழுந்துவிட்டார். அம்மா நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

“நாங்க போகல்ல.”

அவள் தோளில் கை வைத்தேன். எழுப்பத்தான் வைத்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.